ஈரலின் தூதர்கள்

காமாலை என்றால் நம் ஜனங்களுக்குக் கீழாநெல்லி நினைவுக்கு வரும். அதற்கு அப்பால் ஈரலைப் பற்றி யோசிப்பவர்கள் வெகு சிலரே. வலது விலாவின் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுடன் அமர்ந்து, நிமிஷத்திற்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தத்தை வாங்கிச் சுத்தி செய்து அனுப்பும் இந்த அவயவம், பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகும் வலி என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆகவே கண் மஞ்சளித்த பிறகே அதைக் கவனிக்கிறோம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றங்கரையில் தோல் தொழிலை நம்பி ஜீவிக்கும் ஜனங்களுக்கு இந்த அசிரத்தை கட்டாது என்பது நம் அபிப்பிராயம். அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம். விஷயம் சாஸ்திர சம்பந்தமானது. நேயர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டும்.

தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவருக்கு நன்கு தெரிந்த ஒரு சங்கதியிலிருந்து ஆரம்பிப்போம். பச்சைத் தோலில் ரோமத்தையும் கொழுப்பையும் சதையையும் நீக்கிய பின் பெரும்பாலும் மிஞ்சுவது நார் நாராகப் பின்னிக் கிடக்கும் ஒரு புரதம். அதற்குக் கொலாஜன் என்று பெயர். ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் போட்டு ஊறவைத்தாலும் சரி, குரோமிய உப்பைப் போட்டு டிரம்மில் சுழற்றினாலும் சரி, அந்த நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து அழுகாத தோலாகின்றன. இதே கொலாஜன்தான் நோயுற்ற ஈரலில் வடுவாகப் படிகிறது. ஆம்பூரிலிருந்து கப்பலேறி அந்நிய நாட்டுப் பணத்தைக் கொண்டுவரும் பொருளும், மனிதனின் ஈரலைக் கல்லாக்கி அவனைக் கொண்டுபோகும் பொருளும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை என்பது விந்தையே.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ஆம் வருஷத்தில் உலகத்திற்கு எடுத்துக்காட்டியவர்கள் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அவர்களுடைய பரிசோதனைக்கு வேண்டிய கங்காரு வாலின் தசைநாண், அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. சுதந்திரம் வந்து ஏழே வருஷங்கள் ஆகியிருந்த ஒரு தேசத்தில், அதிக சாதனங்கள் இல்லாத ஒரு கட்டிடத்தில் இது நடந்தது. தமிழ்நாட்டுத் தோலுக்கும் உலக வைத்திய சாஸ்திரத்துக்கும் அன்றே முடிச்சு விழுந்துவிட்டது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

இனி, ஈரலில் இந்த நாரை நெய்வது யார்? நெய்யும்படி அதற்கு உத்தரவு கொடுப்பது யார்?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வாயில்லாத அவை பேசுவது ரசாயனத்தால். ஓர் உயிரணு ஒரு சிறு பொருளை வெளியே விடுகிறது. அது மிதந்து சென்று வேறோர் உயிரணுவின் மேலுள்ள வாயிலில் பூட்டுக்கேற்ற சாவி போலப் பொருந்துகிறது. பொருந்தியதும் உள்ளே ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கடிதம் மாறுவது போலச் சேதி மாறி மாறி உட்கருவைச் சேருகிறது. அதன் பின் அந்த உயிரணு பெருகுகிறது, அல்லது வேறு வேலையை மேற்கொள்கிறது, அல்லது தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. இத்தகைய பொருள்களைத் தூதுப்பொருள்கள் என்று அழைப்போம்.

ஈரலில் இந்தத் தூதுக்கு முக்கியமான இரண்டு பாத்திரங்கள் உண்டு. ஒன்று, இரத்தக் குழாய்களின் உட்புறத்தில் காவலிருக்கும் குப்பர் உயிரணு. குடலிலிருந்து வரும் இரத்தத்தில் கிருமிகளின் கழிவு ஏதேனும் கலந்திருந்தால் அதை விழுங்குவது இதன் வேலை. மற்றொன்று, நட்சத்திர வடிவமுள்ள உயிரணு. 1876-ஆம் வருஷத்திலேயே ஜெர்மன் பண்டிதர் குப்பர் இதையும் கண்டிருந்தார். ஆனால் அது செய்யும் வேலை விளங்க நூறு வருஷங்களுக்கு மேல் சென்றன. சாதாரண காலத்தில் அது வைட்டமின் ‘ஏ’ யைச் சேமித்துவைத்துக்கொண்டு ஒரு மூலையில் சாதுவாக இருக்கும். சாராயமோ, வைரஸோ, விஷமோ, மிதமிஞ்சிய கொழுப்போ ஈரலைத் தாக்கும்போது குப்பர் உயிரணு கூக்குரலிடுகிறது. அந்தக் கூக்குரல்தான் டி.என்.எப்., இன்டர்லூக்கின், டி.ஜி.எப்.-பீட்டா முதலிய தூதுப்பொருள்கள். இவற்றில் டி.ஜி.எப்.-பீட்டாவைக் கேட்டதும் சாதுவாக இருந்த நட்சத்திர உயிரணு தன் வைட்டமினை உதறிவிட்டு, கொலாஜனை நெய்யத் தொடங்குகிறது. ஆபத்து நீங்கினால் நெசவு நிற்கும். வடுவும் ஓரளவு கரையும். ஆபத்து தினந்தோறும் வந்துகொண்டே இருந்தால் நெசவும் தினந்தோறும் நடக்கும். அதன் முடிவே ஸிரோஸிஸ் என்னும் ஈரல் இறுக்கம்.

அப்படியானால் அந்தத் தூதர்களை அடித்து விரட்டிவிட்டால் நோய் தீர்ந்துவிடாதா என்று நேயர்கள் கேட்கலாம். வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஈரலுக்கு வேறோர் அபூர்வ குணமும் உண்டு. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பாகத்தை அறுத்தெடுத்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் அது பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இதை 1931-ஆம் வருஷத்தில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் விளக்கமாக எழுதினார்கள். அந்த வளர்ச்சியைத் துவக்கிவைப்பவற்றில் டி.என்.எப்.-உம் இன்டர்லூக்கின்-6-உம் முக்கியமானவை என்று பின்னால் தெரியவந்தது. இன்டர்லூக்கின்-6 இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அறுத்த ஈரல் சரியாக வளரவில்லை. வீடு தீப்பற்றியது என்று கூவுகிறவனே தீயணைக்க ஆளையும் கூப்பிடுகிறான். அவன் வாயைக் கட்டினால் இரண்டும் நின்றுபோகும்.

இது வெறும் தர்க்கம் அல்ல. நோயாளிகளின் உயிரைக் கொண்டு கற்ற பாடம். குடியினால் ஈரல் வெந்துபோனவர்களுக்கு டி.என்.எப்.-ஐத் தடுக்கும் மருந்தைப் பிரான்ஸில் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று வியாதிகளும் மரணங்களும் அதிகரித்ததால் பரிசோதனையை நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது. 2004-ல் இதன் விவரம் வெளியாயிற்று. அமெரிக்காவில் அதே நோக்கமுள்ள இன்னொரு மருந்தை 48 பேரிடம் பரிசோதித்து 2008-ல் பிரசுரித்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் இறந்தனர். பெறாதவர்களில் 23 பேரே இறந்தனர். டி.என்.எப்.-ஐ மறைமுகமாகக் குறைக்கும் பென்டாக்ஸிபிலின் என்னும் மலிவான மாத்திரை பல வருஷங்கள் நம் தேசத்திலும் தாராளமாக எழுதிக்கொடுக்கப்பட்டு வந்தது. பிரிட்டனில் 1,100 பேருக்குக் குறையாமல் சேர்த்து நடத்திய பரிசோதனை 2015-ல் வெளியானபோது அதனால் உயிர்ப் பிழைப்பில் பயன் இல்லை என்று தெரிந்தது.

நம் தேசத்து முயற்சி ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளையணுக்களையும் மூல உயிரணுக்களையும் வெளியே வரச் செய்யும் ஜி.ஸி.எஸ்.எப். என்னும் தூதுப்பொருளை, திடீரென்று ஈரல் செயலிழந்த 47 நோயாளிகளிடம் டில்லி வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். 2012-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மருந்து பெற்ற 23 பேரில் 16 பேர் பிழைத்தனர். பெறாத 24 பேரில் 7 பேரே பிழைத்தனர். இந்தியாவெங்கும் அது பெரும் நம்பிக்கையை உண்டாக்கியது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஜெர்மனியில் 176 பேரைக் கொண்டு அதே மருந்தைப் பரிசோதித்து 2021-ல் வெளியிட்டபோது, மூன்று மாதத்தில் இரு சாராருக்கும் வித்தியாசமே காணப்படவில்லை. நம்மவர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நோயாளிகள் வேறு, நோயின் காரணமும் வேறாக இருக்கலாம். சிறு எண்ணிக்கையில் அதிருஷ்டமும் புகுந்துவிடும். ஒரு மருந்து நம் நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக அதன் மேல் எழும் சந்தேகத்தைக் கேளாமல் காதைப் பொத்திக்கொள்வது தேசபக்தியில் சேராது என்பதே நாம் சொல்வது.

கீழாநெல்லியின் கதையும் இதைப் போன்றதே. சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தியாகராஜன், ஹெப்படைட்டிஸ் ‘பி’ வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்கின் கூட்டுறவுடன் 1988-ல் லண்டன் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் ஒரு முடிவை வெளியிட்டார். கீழாநெல்லிப் பொடி பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. கிராமத்து வைத்தியத்திற்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததில்லை. பிற நாடுகளில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. மூலிகையில் சாரமே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவதற்கில்லை. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள நம் உயிரணுவிலுள்ள தூதர்களை வசப்படுத்தும் இடத்தில் இது குறுக்கிடுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பரிசோதனைக் குழாயில் கண்டிருக்கிறார்கள். ஆனால் குழாயில் நடப்பதெல்லாம் மனிதனிடம் நடந்துவிடாது. காமாலை கண்டவனை ஒரு மாதம் வீட்டில் வைத்துக் கீழாநெல்லி மட்டும் கொடுத்துவிட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வேலூருக்குத் தூக்கிவருவது நம் பிராந்தியத்தில் இன்னும் மறையாத வழக்கம். அந்த ஒரு மாதமே சிகிச்சைக்கு உகந்த மாதம்.

ஹெப்படைட்டிஸ் ‘பி’ விஷயத்தில் நாம் பெருமைப்பட வேண்டியது வேறொன்று. அந்நிய நாட்டிலிருந்து யானை விலைக்கு வந்துகொண்டிருந்த தடுப்பு மருந்தை, ஹைதராபாத்திலுள்ள சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் ஸ்தாபனம் 1997-ல் உள்நாட்டிலேயே தயாரித்து விலையைச் சரியவைத்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய அந்த ஊசியை இன்று சர்க்கார் இனாமாகப் போடுகிறது. எந்தத் தூதுப்பொருளையும் தடுக்க வேண்டிய அவசியமே வராமல் செய்யும் சிகிச்சை இது.

கொழுப்பு ஈரல் வேறொரு வகை. குடிக்காதவனையும் அது விடுவதில்லை. நீரிழிவுடனும் தொந்தியுடனும் கைகோத்து வருகிறது. இதிலும் ஒரு சுதேசி மருந்து உண்டு. உயிரணுவின் உட்கருவில் அமர்ந்து கொழுப்பை எரிக்கவும் சேர்க்கவும் உத்தரவிடும் வாங்கிகளைத் தூண்டும் ஸாரோகிளிடஸார் என்னும் மருந்தை ஆமதாபாத்திலுள்ள ஸைடஸ் ஸ்தாபனம் கண்டுபிடித்து, 2013-ல் நீரிழிவுக்காரரின் கொழுப்புக் கோளாறுக்கும், 2020-ல் கொழுப்பினால் ஈரல் வேகும் நோய்க்கும் இந்திய அதிகாரிகளின் அனுமதியைப் பெற்றது. 106 பேரிடம் 16 வாரம் நடந்த பரிசோதனையில், ஈரல் காயத்தைக் காட்டும் ஏ.எல்.டி. என்னும் என்ஸைம் நூற்றுக்குச் சுமார் 46 வீதம் குறைந்தது. வடு குறைந்ததா என்பதை அவ்வளவு சிறிய பரிசோதனை காட்டாது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் என்னும் மருந்து, திராய்டு சுரப்பியின் தூதை ஈரலில் மட்டும் பேசவைப்பது. 966 பேரிடம் செய்த சோதனையில், வடு ஒரு படி இறங்கியவர்கள் மருந்து பெற்றவர்களில் நாலில் ஒரு பங்கு, வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஏழில் ஒரு பங்கு. அங்கே அது வெளிவந்தபோது வருஷ விலை 47,400 டாலர். தோல் ஷாப்புத் தொழிலாளி தன் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் அந்த ஒரு வருஷ மருந்தை வாங்குவது அரிது.

இனி நம் பிராந்தியத்துக்கே உரிய காரணங்களுக்கு வருவோம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பாலாற்றங்கரையில் எந்த வியாதி வந்தாலும் தோல் ஷாப்பைக் குற்றம் சொல்லும் பழக்கமும் ஏறக்குறைய அப்படியே. குரோமியத்தை எடுத்துக்கொள்வோம். பதனிடுவதற்குப் போடுவது மூன்று வலுவுள்ள குரோமியம். அது உயிரணுவுக்குள் எளிதில் புகாது. ஆறு வலுவுள்ளதோ ஸல்பேட் போல வேஷமிட்டு உள்ளே நுழைந்து, அங்கே அபாய அறிவிப்பு செய்யும் தூதர்களைக் கிளப்பிவிடுகிறது. மனிதரிடம் ஐயமற நிரூபணமான தீங்கு நுரையீரலிலும் மூக்கிலும் தோலிலும்தான். ஈரலைப் பற்றிய சாட்சியம் பெரும்பாலும் பிராணிகளிடமிருந்து வந்தது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி வேலூர் பிரஜைகள் சங்கம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தோல் தொழிற்சாலைப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முற்றிலுமோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனதைச் சுட்டிக்காட்டி, கெடுத்தவரே கிரயம் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டு பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பளிக்க நேர்ந்ததிலிருந்து, முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் அமலாயிற்று என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். இருந்தாலும் ஈரல் வியாதிகள் அனைத்தையும் ஆற்றின் தலையில் கட்டுவது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

ஈரலுக்கு நேரான பகை வேறு புட்டியில் இருக்கிறது. டைமெதில் பார்மமைடு என்னும் கரைப்பான், செயற்கைத் தோலுக்குப் பாலியூரித்தேன் பூசுமிடங்களில் ஏராளமாகப் பயன்படுவது. தோலுக்கு மெருகும் சாயமும் ஏற்றும் கலவைகளிலும் இடம்பெறுவதுண்டு. அது மூச்சில் மட்டுமன்றிக் கைத்தோல் வழியாகவும் உடலில் ஏறும். ஈரல் அதைச் சிதைக்க முயலும்போது பிறக்கும் பொருள், உயிரணுவின் காப்புச் சரக்கான குளூட்டதயோனைத் தீர்த்துவிடுகிறது. அதன் பின் மேலே சொன்ன கூக்குரல் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் துணிக்கு இந்தப் பூச்சுப் பூசிய ஒரு தொழிற்சாலையில் 58 பேரைச் சோதித்ததில் 36 பேருக்கு ஈரல் என்ஸைம் ஏறியிருந்தது என்று 1988-ல் பிரசுரமாயிற்று. அவர்களில் பலருக்கு யாதொரு நோவும் தெரியவில்லை. தைவானிலும் கொரியாவிலும் சீனாவிலும் செயற்கைத் தோல் தொழிலாளரிடம் இதே கதை. இந்தக் கரைப்பானுக்கு வேறொரு விசேஷமும் உண்டு: இதை முகர்ந்தவன் அன்று மாலை ஒரு கோப்பை சாராயம் குடித்தால் முகம் சிவந்து மார்பு படபடக்கும். அதைப் போதை ஏறிய லட்சணம் என்று அவன் நினைத்துக்கொள்வான். உள்ளபடி அது ஈரல் கொடுக்கும் நோட்டீஸ்.

குடியைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. மதுவிலக்கு 1939 அக்டோபரில் வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு வந்தது என்பதையும், 1971-ல் தமிழ்நாட்டில் அது ஒத்திவைக்கப்பட்டது என்பதையும், 2003 முதல் சில்லறை வியாபாரத்தை சர்க்காரே நடத்துகிறது என்பதையும் நினைவூட்டுவதுடன் நிறுத்திக்கொள்கிறோம். எந்தத் தூதுப்பொருளைத் தடுக்கும் மருந்தும், குடியை நிறுத்தியவனுக்குக் கிடைக்கும் பலனுக்கு இதுவரை ஈடாகவில்லை.

வியாதி முற்றித் திடீரென்று ஈரல் செயலிழந்தவனுக்கு என்ன செய்வது? மாற்று ஈரல் பொருத்துவது உத்தமம். ஆனால் அது லட்சக்கணக்கில் செலவாகும், கொடுப்பவரும் அகப்பட வேண்டும். இங்கேதான் 1900-ஆம் வருஷத்தில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒற்றைக் கட்டிலுடன் ஆரம்பித்த வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஈரல் வைத்தியர்கள் செய்துவரும் ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. தனித்தனித் தூதரைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, தூதர்கள் மிதக்கும் நீரையே மாற்றிவிடுகிறார்கள். நோயாளியின் இரத்தத்தை யந்திரத்தில் செலுத்தி, மஞ்சள் நீரான பிளாஸ்மாவை நீக்கி, தானம் பெற்ற பிளாஸ்மாவை ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவில் 182 பேரிடம் இதைப் பெருமளவில் செய்து பார்த்த பரிசோதனை 2016-ல் வெளியாயிற்று. அதில், ஆஸ்பத்திரியிலிருந்து உயிருடன் வீடு திரும்பியவர்கள் நூற்றுக்கு 48 பேரிலிருந்து 59 பேராக உயர்ந்தனர். அங்கே ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு 15 பங்கு வரை பிளாஸ்மாவை மாற்றினார்கள். அவ்வளவு பிளாஸ்மாவுக்கு நாம் எங்கே போவது? வேலூரில் அதில் ஒரு சிறு பகுதியையே மாற்றி, கூடவே சிறிதளவு ஸ்டெராய்டும் கொடுத்துச் சிகிச்சை செய்கிறார்கள்.

எவருக்கு இது தேவை என்று நிதானிக்கவும் அவர்கள் ஒரு தூதுப்பொருளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். இரத்தக் குழாயின் உட்சுவர் கலவரமடையும்போது வான் வில்லிபிரான்ட் காரணி என்னும் நீண்ட பிசின் போன்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது மிகுந்தால் நுண்ணிய குழாய்களில் தட்டணுக்கள் ஒட்டி வழி அடைபடும். இதன் அளவு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் மிகுதி என்று 2016-ல் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிளாஸ்மாவை மாற்றும்போது இந்தப் பிசினும் குறைகிறது. இந்த முறையைத் தராசில் நிறுத்திப் பார்க்கும் பெரும் பரிசோதனைகள் நம் நாட்டில் இன்னும் பெருக வேண்டும், ஜி.ஸி.எஸ்.எப். விஷயத்தில் கற்றதை இதற்கும் பிரயோகிக்காமலிருக்க நியாயமில்லை. ஆயினும் பணக்கார தேசத்தின் முறையை அப்படியே காப்பியடிக்காமல், ஏழை நோயாளிக்கு எட்டும் அளவில் குறுக்கிச் செய்து பார்க்கும் இந்தத் துணிவை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அதற்கு வேண்டிய பிளாஸ்மா இரத்த தானத்திலிருந்தே வருகிறது என்பதை ஆம்பூர், வாணியம்பாடி வாலிபர் சங்கங்கள் கவனத்தில் வைத்தால் நலம்.

சர்க்கார் செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே, விஷப் பொருள்களால் உண்டாகும் காமாலை, உடனே அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதி என்று எழுதியிருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புக் கோவையும் அத்தகைய அட்டவணையைக் கொண்டிருக்கிறது. தெரிவிக்க வேண்டியவர் நிர்வாகியும், பார்த்த டாக்டரும். டாக்டரோ காமாலை கண்டவனிடம் ‘குடிப்பாயா?’ என்று கேட்கிறார். ‘எந்தப் பிரிவில் வேலை? என்ன பூசுகிறாய்? கையுறை உண்டா?’ என்று கேட்பதில்லை. குடிப்பேன் என்று அவன் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. கரைப்பான் புழங்கும் பிரிவுகளில் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்திற்கொரு முறை ஏ.எல்.டி. சோதனை செய்ய ஆகும் செலவு, ஏற்றுமதியாகும் சில ஜோடி பூட்ஸின் விலைதான். என்ஸைம் ஏறியவனை வேறு பிரிவுக்கு மாற்றினால் பல சந்தர்ப்பங்களில் ஈரல் தானே தேறிவிடுகிறது. நட்சத்திர உயிரணு தறியை நிறுத்திவிடுகிறது.

ஆம்பூரைச் சுற்றிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர்கள் பெயர் தொழிற்சாலைப் புஸ்தகத்திலும் இல்லை, ஈ.எஸ்.ஐ. புஸ்தகத்திலும் இல்லை. 2019-ல் வேலூர் ஜில்லாவைப் பிரித்து ஆம்பூரையும் வாணியம்பாடியையும் திருப்பத்தூரோடு சேர்த்தபோது கலெக்டர் கச்சேரி அருகே வந்தது என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்தக் கச்சேரியிலிருந்து ஒருவர் புறப்பட்டு இந்தப் பெண்களின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளட்டும். சோதனையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.